ஓடாமலே பழசானது

அந்தத் தெருவில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. பல்லக்கா என்றால்தான் தெரியும். முன்பல் உடைந்தவர்கள், கடைவாய்ப் பல் போனவர்கள், மொத்தமும் கொட்டிப்போய்ப் பொக்கை வாயாக நிற்பவர்கள் என்று எல்லாருக்கும் செயற்கைப் பல் செய்து தருவது அவள் வேலை. பல் மருத்துவர்கள் அளவெடுத்து அனுப்பும் அச்சை மேசையில் வைத்து, மெழுகில் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாக நட்டு, வேகவைத்து, ராவி, மெருகேற்றிப் பெட்டியில் போட்டு அனுப்புவாள். யாராவது வாசலில் நின்று “பல்லக்கா இல்லையா?” என்று கேட்டால், “பல்லக்கு தூக்க ஆள் கிடைக்கலையாம், நடந்து வந்துக்கிட்டிருக்கா” என்பார் அவள் கணவர். அவர் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் லிப்ட்டுகளைப் பழுதுபார்ப்பவர். எத்தனை வருஷம் சொன்னாலும் அந்த வேடிக்கைக்கு முதலில் சிரிப்பவரும் அவர்தான்.

பல் வாங்க வருகிறவர்களிடம் அவள் தவறாமல் ஒன்று சொல்வாள். “போட்டுக்கிட்டே இருங்க. கழட்டினா தண்ணியில போட்டு வைங்க. புதுசாவே இருக்கட்டும்னு டப்பாவுக்குள்ள காய வெச்சீங்கன்னா கோணிக்கும், வெடிச்சுக்கும். அப்புறம் என்கிட்ட வந்து அழக்கூடாது.”

அவள் வேலை அறைக்கும் தெருவாசலுக்கும் நடுவே ஒரு நடை. நடையின் ஓரமாக மாடிப்படி. அந்தப் படிகளுக்கு அடியில், பழைய படுக்கை விரிப்புகளைச் சேர்த்துத் தைத்த உறைக்குள், ஒரு மோட்டார் சைக்கிள் நின்றுகொண்டிருந்தது. அது அவள் அண்ணனுடையது.

அம்மா இறந்த பிறகு அந்த வீட்டில் அப்பாவும் அண்ணனும் அவளும்தான். அப்பாவுக்கு அச்சகத்தில் ராத்திரி வேலை. பகலெல்லாம் தூங்குவார். வீட்டில் சத்தம் போடக்கூடாது என்பதாலேயே அண்ணனும் தங்கையும் வெளியே சுற்றப் பழகினார்கள். அண்ணன் வெல்டிங் பட்டறையில் சேர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, ஏற்கெனவே இரண்டு கை மாறியிருந்த அந்த வண்டியை வாங்கினான். வாங்கிய அன்று, பட்டறையிலிருந்து வீடு வரைக்கும் ஹாரனிலிருந்து கையை எடுக்காமலே வந்தான். அப்பா தூக்கம் கலைந்து, உள்சட்டையோடு வாசலுக்கு வந்து திட்டினார். பிறகு அவரே ஏறி உட்கார்ந்து தெருமுனை வரை ஒரு சுற்றுப் போனார்.

காலையில் அவளைப் பல் வேலை பழகும் நிலையத்தில் இறக்கிவிட்டுத்தான் அண்ணன் பட்டறைக்குப் போவான். சாயங்காலம், வெல்டிங் வெளிச்சம் பார்த்துச் சிவந்த கண்ணோடு, திரும்ப அழைத்துப்போக வருவான். ஞாயிற்றுக்கிழமைகளில் பின்சந்தில் வைத்து அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தான். அந்த வயதில் அவள் பார்த்த இடமெல்லாம், பாலமோ கடைத்தெருவோ கடலோ, அண்ணனுடைய முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்ததுதான்.

பிறகு தூரதேசத்தில் கப்பல் கட்டும் இடத்தில் அவனுக்கு வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முந்தைய நாள் வண்டியைக் கொண்டுபோய் இரண்டு சக்கரத்துக்கும் புது டயர் போட்டுக்கொண்டு வந்து நிறுத்தினான்.

“போற நேரத்துல எதுக்குண்ணா புது டயர்?” என்று அவள் கேட்டாள்.

“பழசு வழுக்கைத் தலையாயிடுச்சுடி. ஒரே வருஷம்தான். வந்ததும் நாம ரெண்டு பேரும் கடற்கரை ரோடு முழுக்க ஒரு ரவுண்டு அடிக்கறோம். அதுவரைக்கும் பத்திரமா பாத்துக்கோ.”

அவள் பத்திரமாகத்தான் பார்த்துக்கொண்டாள். அந்த வண்டியை யாரையும் தொடவிடவில்லை, தானும் ஓட்டவில்லை. அண்ணன் வந்துதான் அந்த டயர் தரையில் உருள வேண்டும் என்று மனதில் ஒன்றை முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டாள். ஒரு வருஷம் இரண்டானது, இரண்டு ஐந்தானது. அவளுக்குக் கல்யாணம் நடந்து, கணவரும் அந்த வீட்டுக்கே குடிவந்தார். விடுப்புக் கிடைக்கவில்லை என்று அண்ணன் வரவில்லை. அவனும் அங்கேயே ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டான். முதலில் வாரத்துக்கு ஒரு தரம் வந்த தொலைபேசி அழைப்பு, பிறகு மாதத்துக்கு ஒன்றாகி, பிறகு எப்போது வரும் என்று சொல்ல முடியாததாகிவிட்டது. ஆறாம் வருஷம் அப்பா போனபோது மட்டும் வந்து சில நாள் இருந்தான். வீடு முழுக்க ஆட்கள். மாடிப்படிக்குக் கீழே நாற்காலிகள் அடுக்கியிருந்தன. ஒரு நாள் சாயங்காலம் அவன் அந்த இடத்தில் கொஞ்ச நேரம் குனிந்து நின்றதை அவள் பார்த்தாள். வண்டியைத்தான் பார்க்கிறான் என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அவன் தன் செருப்பைத் தேடிக்கொண்டும் இருந்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அவள் உறையை விலக்கி வண்டியைத் துடைப்பாள். டயர்கள் வெளிறாமல் இருக்க, கறுப்பு பாலிஷில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்து, துணியால் தொட்டுத் தொட்டுத் தேய்ப்பாள். தேய்த்த பிறகு அவை மழையில் நனைந்த கல் மாதிரி மின்னும். புது டயரில் மெல்லிய ரப்பர் முடிகள் நீட்டிக்கொண்டிருக்குமே, ஓட ஓட உதிர்ந்துவிடும் முடிகள், அவைகூட அப்படியே இருந்தன. தினமும் இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகும் அவள் கணவர் தேநீர்க் கோப்பையோடு படியில் உட்கார்ந்து அதைப் பார்ப்பார்.

“வீட்ல குதிரைய கட்டி வெச்சுட்டு நடந்தே ஊர் சுத்தற ராஜா உலகத்துலயே நான் ஒருத்தன்தான்” என்பார்.

“அது அண்ணன் குதிரை.”

“உங்கண்ணன் வரதுக்குள்ள அது கிழக்குதிரை ஆயிடும். வர வர உன் புருஷனும்தான்.”

அவள் துணியை மறுபடியும் பாலிஷில் தோய்ப்பாள். அவர் மேற்கொண்டு எதுவும் சொல்ல மாட்டார். அது அவருடைய நல்ல குணம்.

இப்படிப் பதினைந்து, பதினாறு வருஷம் போன பிறகு ஒரு மதியம் அண்ணன் கூப்பிட்டான். அவள் ஒரு கீழ்த்தாடைக்கு மெழுகில் பல் நட்டுக்கொண்டிருந்தாள்.

“அடுத்த மாசம் வரேன்டி. ரெண்டு வாரம் இருப்பேன். ஒண்ணும் வாங்கி வெக்காதே, ஒண்ணும் பண்ணாதே. சும்மா வந்து உன் வீட்ல உக்காந்திருக்கணும் போல இருக்கு.”

அன்று அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. வாயெல்லாம் பல்லாகத் திரிந்தாள். “டாக்டருக்குப் போக வேண்டிய பல்லெல்லாம் இங்கேயே இருக்கே” என்றார் கணவர். நட்டு வைத்த கீழ்த்தாடையில் ஒரு பல் திரும்பி இருந்ததை மறுநாள்தான் கவனித்தாள்.

வண்டியைத் தயார் செய்ய மெக்கானிக் தாடியை வீட்டுக்கே வரவழைத்தாள். தாடி என்பது பட்டப்பெயர். அவர் தாடியை மழித்து வருஷக்கணக்காகியும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் நடையிலேயே சாக்கு விரித்து உட்கார்ந்து, கார்பரேட்டரைக் கழற்றி அலசி, புது பேட்டரி போட்டு, ஆயில் மாற்றினார். பலமுறை உதைத்த பிறகு வண்டி இருமியது, புகைந்தது, பிறகு நிதானமாக ஓடத் தொடங்கியது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

“எஞ்சின் ஏ ஒன், அக்கா. பிரேக் ஷூ மாத்திட்டேன். டயர் ரெண்டும் எடுத்துடணும்” என்றார் தாடி.

“ஏன்? அது புது டயர்.”

“புதுசா?”

“ஒரு தடவை கூட ஓடினதில்லை. பாருங்க, முடிகூட உதிரல.”

தாடி குனிந்து பின் டயரின் பக்கவாட்டைத் துணியால் துடைத்து, அங்கே பொறித்திருந்த நான்கு எண்களைக் காட்டினார். “முதல் ரெண்டு எண் எந்த வாரம்னு, அடுத்த ரெண்டு எந்த வருஷம்னு. இது பொறந்த தேதி. ஓடினா தேயும், ஓடலைன்னா காயும். ரெண்டும் ஒண்ணுதான்.” கட்டை விரலால் டயரின் ஓரத்தை அழுத்தினார். பளபளப்புக்கு அடியிலிருந்து தலைமுடி போன்ற விரிசல்கள் வரிசையாக வாய் திறந்து மூடின. “மேல என்ன தடவறீங்க?”

“பாலிஷ். மண்ணெண்ணெய் கொஞ்சம் கலந்து.”

தாடி விரலை முகர்ந்து பார்த்தார். “மண்ணெண்ணெய் ரப்பர தின்னுடும்க்கா. அந்த ஜன்னல் வழியா வேற வெயில் விழுது. இதுல ரோட்டுக்குப் போனா எப்ப பல்ல இளிக்கும்னு சொல்ல முடியாது.”

அவளுக்குச் சுருக்கென்றது. வாராவாரம் தன் கையாலேயே செய்தது. நம்ப மறுத்தாள். புது டயர் விற்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறார் என்றுகூட ஒரு நொடி நினைத்தாள். தாடி அப்படிப்பட்டவர் இல்லை என்பதும் தெரியும்.

“எங்கண்ணன் வந்து ஒரே ஒரு ரவுண்டு போகட்டும். அப்புறம் மாத்திடலாம்.”

“அந்த ஒரு ரவுண்டுக்குத்தான் நான் சொல்றேன்” என்றார் தாடி. பிறகு சாக்கைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். “காத்து அடிச்சு வெச்சிருக்கேன். தள்ளிக்கிட்டு என் கடைக்கு வாங்க. ஓட்டிக்கிட்டு வராதீங்க.”

ராத்திரி சாப்பிடும்போது கணவரும் அதையே சொன்னார். “ஊருக்கெல்லாம் சொல்றியே, டப்பால காய வெச்சா வெடிக்கும்னு. பல்லுக்குத் தெரிஞ்ச நியாயம் டயருக்குத் தெரியாதா?”

“பல்லு வேற, இது வேற.”

“எது வேற?”

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

ஞாயிறு காலையில் லேசாகத் தூறி விட்டிருந்தது. அண்ணன் வருவதற்குள் வண்டி ஒழுங்காக ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துவிடலாம், தெருவைச் சுற்றி ஒரே ஒரு வட்டம் என்று அவள் வண்டியை வெளியே தள்ளினாள். கணவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே பின்னால் ஓடி வந்தார்.

“சொன்னா கேக்கமாட்டே. சரி. நானும் வரேன்.”

“நீங்க எதுக்கு?”

“தனியா விட்டுட்டு வீட்ல உக்காந்து என்ன பண்றது? தேநீர் கூட இறங்காது.” உள்ளே போய்ப் பரணிலிருந்து பழைய ஹெல்மெட்டுகள் இரண்டையும் எடுத்து வந்து, ஒன்றை அவள் தலையில் மாட்டி, மற்றதைத் தான் போட்டுக்கொண்டு ஏறினார். அத்தனை வருஷத்தில் அந்த வண்டியில் அவர் ஏறியது அதுதான் முதல் தடவை.

ஓட்டும் கை எதையும் மறந்திருக்கவில்லை. கிளட்சை விட்டதும் வண்டி முன்னால் நகர்ந்தது. ஒரே இடத்தில் நின்று நின்று தட்டையாகிப் போயிருந்த முன் சக்கரம் டொக், டொக் என்று குதித்தது. “குதிரை நொண்டுது” என்றார் கணவர். அவள் சிரித்தாள். சைக்கிளில் வந்த ஒருவர் அவர்களை முந்திக்கொண்டு போனார், அவ்வளவு மெதுவான வேகம். ரொட்டிக் கடை முனையில் திரும்புவதற்காகப் பிரேக்கை லேசாக மிதித்தாள்.

ஈரத் தரையில் சோப்புக்கட்டி நழுவுவது போலப் பின் சக்கரம் பக்கவாட்டில் போனது. பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. அவள் வண்டியோடு இந்தப் பக்கமும், அவர் அந்தப் பக்கமும் விழுந்தார்கள். முன் சக்கரம் நடைபாதைக் கல்லில் மோதி, டயரின் ஓரம் விரிசல் ஓடிய வழியிலேயே நீளமாகக் கிழிந்து, உஸ்ஸென்று காற்று போனது. அவளுக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். எழுந்து பார்த்தபோது அவர் தோளைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது.

“உனக்கு ஒண்ணும் இல்லையே?” என்றார்.

அவள் ஓடிவந்து அவர் பக்கத்தில் மண்டியிட்டாள். இல்லையென்று தலையை ஆட்டினாள்.

அவர் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனார்கள். கழுத்தெலும்பு முறிந்திருந்தது. ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து மேலே தள்ளிக்கொண்டு போனபோது லிப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. ஸ்ட்ரெச்சர் தள்ளிய ஊழியர் பதறி, இருக்கிற பொத்தானையெல்லாம் அமுக்க ஆரம்பித்தார்.

“தம்பி, கைய எடுங்க” என்றார் கணவர், படுத்தபடியே. “மூணாவது மாடிக் கதவு சரியா சாத்தியிருக்காது. அந்தப் பூட்டு லூசு. போன் பண்ணி ஒரு தடவை இழுத்துச் சாத்தச் சொல்லுங்க. நாளைக்குச் சரி பண்ணலாம்னு இருந்தேன்.”

ஊழியர் மூலையில் திரும்பி நின்று போன் பண்ணினார். அவள் ஸ்ட்ரெச்சரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

“நான் ஒண்ணு கேக்கட்டா?” என்றார் அவர் மெதுவாக. “கோபத்துல கேக்கல. அந்த டயர்ல உனக்கு அப்படி என்ன?”

அவள் விரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டே சொன்னாள். “அவன் போட்டுட்டுப் போனது. அது தரையில ஓடினா அவன் திரும்பி வந்துட்டான்னு அர்த்தம். மாத்திட்டா, அவன் வராம போன வருஷமெல்லாம் நெஜமாவே போயிடுச்சுன்னு ஆயிடும்ங்க.”

“போயிடுச்சுதான்மா” என்றார் அவர். பிறகு, அடிபடாத கையை நீட்டி அவள் விரலைப் பிடித்துக்கொண்டார். “காத்திருந்தது நீ. டயர் இல்ல.”

எங்கேயோ மேலே ஒரு கதவு அடித்துச் சாத்தும் சத்தம் கேட்டது. லிப்ட் ஒரு குலுக்கலோடு கிளம்பியது.

இரண்டு நாள் கழித்து அவள் வண்டியைத் தாடியின் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். கிழிந்த சக்கரம் தரையில் சப்சப்பென்று அடித்தது. வழியெல்லாம் பார்த்தவர்கள் விசாரித்தார்கள். எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொன்னாள். “பழைய டயர்.” அந்த இரண்டு சொற்களை முதல் தடவை சொல்லும்போது நாக்கு புரளவில்லை. கடையை அடைவதற்குள் பழகிவிட்டது.

நான் அப்பவே சொன்னேனே என்று தாடி சொல்லவில்லை. “மச்சான் எப்படி இருக்கார்?” என்றுதான் கேட்டார். லிப்ட்காரரை அவர் மச்சான் என்றுதான் அழைப்பார். பிறகு இரும்புக் கம்பியை விட்டுப் பின் டயரை நெம்பினார். காய்ந்த ரொட்டி பிய்வது போல ஓரம் துண்டு துண்டாகப் பெயர்ந்து வந்தது. உள்பக்கம் இன்னும் புதுக் கறுப்பாக இருந்தது. அவள் ஒரு விரலால் அதைத் தடவிப் பார்த்தாள்.

“வேணும்னா வெச்சுக்கோங்க. சில பேர் இதுல பூச்செடி வெப்பாங்க” என்றார் தாடி.

அவள் யோசித்தாள். “தூக்கிப் போட்டுட்டா என்ன ஆகும்?”

“குப்பைக்குப் போகும். அங்கேர்ந்து எவனாவது எடுத்து, கறுப்பு பூசி, நல்லா இருக்கற டயர்னு எங்கயாவது வித்துடுவான். மேல பாக்க புதுசு மாதிரிதானே இருக்கு?”

“அப்ப வெட்டிடுங்க” என்றாள். “ரெண்டையும். யாரும் மாட்ட முடியாத மாதிரி.”

தாடி கத்தியை எடுத்தார். அவர் அறுக்க அறுக்க அவள் இரண்டு கையாலும் டயரை விரித்துப் பிடித்துக்கொண்டாள். வெட்டி முடித்ததும் கையில் ஒட்டிய கறுப்பை அங்கேயே குழாயில் கழுவினாள். புது டயர்கள் மாட்டியதும் தாடி, “கொஞ்ச தூரம் ஓடற வரைக்கும் வழவழன்னு இருக்கும், திருப்பத்துல மெதுவா போங்க” என்றார். அவள் சரியென்று, நிஜமாகவே மெதுவாக, வீடு வந்து சேர்ந்தாள். பாலிஷ் டப்பாவைத் தூக்கி எறிந்தாள்.

அண்ணன் வந்தான். விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவு திறந்து மூட, திறந்து மூட, அவள் ஒல்லியான, சுருட்டை முடிக்காரன் ஒருவனைத் தேடிக்கொண்டிருந்தாள். நரைத்த தலையும் தொப்பையுமாக ஒருவர் காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்து எதிரில் நின்று, “ஏய் வாலு” என்றபோதுதான் அடையாளம் தெரிந்தது. குரல் மட்டும் மாறவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் மாடிப்படிக்குக் கீழே பார்த்தான். அன்று வண்டிக்கு உறை போடவில்லை.

“அடேயப்பா! இது இன்னுமா இருக்கு? நீ எப்பவோ வித்திருப்பேன்னு நினைச்சேனே!”

கட்டுப் போட்ட தோளோடு கணவர் அவளைப் பார்த்தார். அவள் சொன்னாள், “நீ போட்ட டயரை இப்பதான் மாத்தினோம்.”

“நானா? நான் எப்ப டயர் போட்டேன்?”

“கிளம்பறதுக்கு முந்தின நாள். ஒரு வருஷத்துல வந்து ரவுண்டு போலாம்னு சொன்னியே.”

அண்ணன் நெற்றியைச் சுருக்கி யோசித்தான். உண்மையாகவே யோசித்தான்; அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. “ஞாபகம் இல்லையேடி” என்றான். பிறகு மாப்பிள்ளைக்கு அடிபட்ட கதையைக் கேட்டு, தலையில் கை வைத்துக்கொண்டான். “என்ன மாப்பிள்ளை, நீங்களாவது தடுத்திருக்கக் கூடாதா?”

“தடுத்தேன் மச்சான். பின்னால உக்காந்து தடுத்தேன்” என்றார் அவர்.

அன்று சாயங்காலம் அவள் வேலை செய்துகொண்டிருக்க, அண்ணன் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து பார்த்தான். மேசை மேல் வரிசையாக இருந்த பற்களைத் தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தான்.

“நீ படிச்சுக்கிட்டே வருவியே, ஞாபகம் இருக்கா?” என்று திடீரென்று கேட்டான். “வண்டியில பின்னால உக்காந்து, பாடத்தை சத்தமா சொல்லிக்கிட்டே வருவே. ஒவ்வொரு வரி முடியறப்பவும் புத்தகத்தால என் முதுகுல ஒரு அடி. கடைவாய்ப் பல், டப். முன்கடைவாய்ப் பல், டப். அங்க கப்பலுக்குள்ள, அடித்தட்டுல, தனியா படுத்துக்கிட்டு வெல்டிங் பண்ணும்போது அதை நான் அப்படியே சொல்லிப் பாப்பேன். பல்லு வரிசை முழுக்க எனக்கு இன்னும் தெரியும்.”

அவளுக்கு அப்படி அடித்தது நினைவே இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அவள் அரத்தைக் கீழே வைத்துவிட்டு, “சொல்லு பாப்போம்” என்றாள். அவன் சொன்னான். ஒன்றுகூடத் தப்பவில்லை.

ஊருக்குத் திரும்ப இரண்டு நாள் இருக்கும்போது அவள் கேட்டாள். “ஒரு ரவுண்டு போலாமாண்ணா?”

“நான் ஓட்டறதை விட்டே வருஷமாச்சு. முட்டி மடங்காது.”

“நீ பின்னால உக்காரு. நான் ஓட்டறேன்.”

அவனை ஏற்றி உட்காரவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒரு காலைத் தூக்கி அந்தப் பக்கம் போடக் கணவர் ஒற்றைக் கையால் தாங்கிப் பிடித்தார். கடற்கரை ரோட்டில் காற்று எதிரே அடித்தது. புது டயர் தரையைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் ஓடியது. அண்ணன் அவள் தோள்களை இரண்டு கையாலும் இறுகப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் “மெதுவா, மெதுவா” என்றான். அவள் எத்தனையோ வருஷம் மனதில் ஓட்டிப் பார்த்த பயணத்தில் அவள் பின்னால்தான் உட்கார்ந்திருந்தாள். இப்போது கண்ணுக்கு முன்னால் ரோடு மட்டும் இருந்தது. எட்டிப் பார்க்க யாருடைய தோளும் இல்லை.

பாலத்தைத் தாண்டியதும் அவன் குனிந்து காதருகே ஏதோ சொன்னான். காற்றில் கேட்கவில்லை.

“என்ன?”

“இனிமே நான் வர முடியாதுன்னு நினைக்கிறேன்டி” என்று சத்தமாகச் சொன்னான். “உங்க அண்ணிக்கு உடம்பு சரியில்ல. தனியா விட முடியாது. இந்தத் தடவையே அவ தங்கச்சிய வந்து இருக்கச் சொல்லிட்டுத்தான் வந்தேன். எனக்கும் இந்தக் கால வெச்சுக்கிட்டு... நேர்ல உன் மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியல.”

அவளாலும் அவன் முகத்தைப் பார்க்க முடியாது. கண்ணாடியில் அவன் ஹெல்மெட்டின் ஒரு துண்டு மட்டும் தெரிந்தது. “சரிண்ணா” என்றாள். அது காற்றில் போய்விட்டிருக்கும் என்று தோன்றி, சத்தமாக மறுபடியும், “சரி” என்றாள்.

ஒரு சுற்று முடிந்து, வீட்டுக்குத் திரும்பும் முனை வந்தது. அவள் திருப்பவில்லை. அண்ணனும் ஏன் என்று கேட்கவில்லை. வண்டி நேராக, மறுபடியும் பாலத்தை நோக்கிப் போனது. கொஞ்ச தூரம் போன பிறகு தோளை இறுகப் பிடித்திருந்த கைகள் தளர்ந்தன. முதுகில், ஹெல்மெட்டோடு, ஒரு பாரம் வந்து சாய்ந்தது. பெட்ரோல் குறைந்து, முள் கீழே இறங்குகிற வரைக்கும் அவள் ஓட்டினாள்.

அவன் போன பிறகு வீடு சில நாள் யாரோ எழுந்துபோன நாற்காலி மாதிரி இருந்தது. கணவருக்குக் கட்டுப் பிரித்தார்கள். மழை நாளில் தோள் கொஞ்சம் இழுக்கும் என்றார்கள், இழுத்தது. அவள் வண்டியை மாடிப்படிக்குக் கீழே நிறுத்தவில்லை. காலையில் கணவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு, பல் பெட்டிகளைப் பையில் போட்டுக்கொண்டு மருத்துவர்களிடம் கொடுத்துவர ஆரம்பித்தாள். முன்பு இரண்டு நாள் பிடித்த வேலை மதியத்துக்குள் முடிந்தது. புறப்படும் முன் தினமும் குனிந்து டயர்களின் ஓரத்தைக் கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. ரப்பர் முடிகள் முதல் வாரத்திலேயே உதிர்ந்துவிட்டன.

ஒரு நாள் பாதி வழியில் போன் அடித்தது. ஓரம் கட்டி, ஹெல்மெட்டைக் கழற்றிக் கைக்கிடுக்கில் இடுக்கிக்கொண்டு எடுத்தாள்.

“எங்கடி இருக்கே? ஒரே சத்தமா இருக்கு.”

“ரோட்லண்ணா. ஒருத்தருக்குப் பல்லு குடுக்கப் போயிக்கிட்டிருக்கேன்.”

“வண்டியிலயா?”

“ஆமா.”

“நல்லது” என்றான். அங்கே யாரோ இருமுவதும், அவன் தள்ளிப்போய் “இதோ வரேன்” என்று சொல்வதும் கேட்டது. “சாப்பிட்டியா?” என்றான் திரும்பி வந்து.

“சாப்பிட்டேன். நீ?”

“ஆச்சு. சரி, பாத்துப் போ. வெச்சுடறேன்.”

வைத்துவிட்டான். அவள் இன்னும் போனைக் காதிலிருந்து எடுக்காமல், எதிர்ப்பக்கத்துக் கடைக்காரர் படிகளைக் கழுவுவதைப் பார்த்தபடி நின்றாள். பின்னால் வந்த வேன்காரர் வழி விடச் சொல்லி ஹாரன் அடித்த பிறகுதான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள்.